யாழ்ப்பாணக் கிராமத்தை அறியக் கிணற்றடியில் தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். தஞ்சாவூரைப் போல மிராசுதார் இல்லை, இராமநாதபுரத்தைப் போல ஜமீன் இல்லை, ஆறும் பெரிய ஏரியும் இல்லை. சில பரப்புக் காணி (16 பரப்பு ஒரு ஏக்கர்) வைத்திருப்பவனே வசதிக்காரன் என்கிற யாழ்ப்பாணத்தில் சாதி எப்படி அவ்வளவு இறுகியது? அங்கே கிராமம் எப்படி அமைந்தது, இப்போது மக்கள் நிலை என்ன?

தமிழ்நாட்டிலிருந்து விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் போர், நூலக எரிப்பு, ஆறுமுக நாவலர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் காணியில் ஆரம்பித்தது நல்லது. ஆனால் காணியின் அளவை மட்டும் பார்த்தால் விடை பிடிபடாது. எங்கள் ஊர்களில் அதிகாரம் கிணற்றைச் சுற்றியே இருந்தது. கிணறு யாருடையது, அதில் யாருக்கு எத்தனை பங்கு, யார் அள்ளலாம், யார் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால் ஊரின் முழுக் கதையும் வெளியே வரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் (தீபகற்பத்தின்) அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மாரி மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும். அந்தத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். அளவோடு இறைக்க வேண்டும் என்பதை அந்த ஒரு கிணறே சொல்லிவிடும். ஆறு என்று பேருக்கு வழுக்கியாறு ஒன்றுண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும். ஆகவே குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் செம்மண்ணில், உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் பக்கமெல்லாம், விவசாயம் என்றால் கிணற்று இறைப்புத்தான். மழையை நம்பின நெல் வயல் வேறு, அது ஆண்டுக்கு ஒரு போகம். காசு தந்தது தோட்டம்.

துலா இறைப்பு (உங்கள் ஊர் ஏற்றம்) எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் ஊரின் தொழில் உறவு அப்படியே இருக்கிறது. கிணற்றடியில் இரண்டு ஆடுகால், அவற்றுக்குக் குறுக்கே அச்சு, அதன்மேல் நீண்ட துலா. துலாவில் ஓராளோ இரண்டு பேரோ ஏறி முன்னும் பின்னுமாக நடப்பார்கள். அவர்கள் கிணற்றுப் பக்கம் நடந்தால் தண்ணீர் அள்ளும் பட்டையைக் கட்டிய கொடி கீழே இறங்கும், பின்னுக்கு வந்தால் பட்டை தண்ணீரோடு மேலே வரும். கிணற்று வாயில் நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலுக்குள் கவிழ்ப்பார். தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தி நிறைந்ததும் வாய் கட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். விடியுமுன்னே தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். துலா மிதிக்கிறவன் கால் தவறினால் விழுவது கிணற்றுக்குள்தான். புகையிலைக் கன்று நட்ட காலத்தில் இது அடிக்கடி நடக்க வேண்டிய வேலை. ஒரு வீட்டு ஆட்கள் மட்டும் இதைச் செய்துவிட முடியாது. அயலவர்கள் மாறிமாறி உதவிக்கொண்டார்கள், அல்லது கூலி இல்லாமலே கூப்பிட்டவுடன் வர வேண்டிய ஆட்கள் சிலருக்கு இருந்தார்கள்.

அந்த இரண்டாவது வகை ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான இடம். 1619இல் நல்லூர் இராச்சியம் போர்த்துக்கேயரிடம் போனது, 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்தார்கள், 1790களில் ஆங்கிலேயர். இந்தப் பட்டியலை எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்க்கலாம், நான் நீட்டவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, புகையிலை பெரிய வியாபாரமானது; யாழ்ப்பாணப் புகையிலை என்று திருவிதாங்கூரில் பெயரெடுத்து, அங்கேயே பெரும்பகுதி விற்றது. மற்றது, 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமை என்று எழுதிவைத்தார். ஊரிலிருந்த பன்னிரண்டு முதலியார்கள் (இது சாதிப் பெயரல்ல, உள்ளூர்த் தலைவர் பதவி) அதைப் பார்த்துச் சரி சொன்னார்கள். சரி பார்த்தவர்கள் யார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுப்பில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து), ஒற்றி எல்லாவற்றோடும் சேர்த்து அடிமைகளைப் பற்றியும் விதி இருக்கிறது. ஊரில் கையாளப்பட்ட வழக்கம் அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் காட்டக்கூடிய சட்டமாகிவிட்டது. 1806இல் ஆங்கிலேயர் அதற்கு மறுபடி முழு வலு கொடுத்தார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்.

ஒழிந்தது ஏட்டில்தான். நளவர், பள்ளர், அம்பட்டர், வண்ணார், பறையர் என்று தொழிலோடும் குடிமையோடும் (பரம்பரை ஊழியத்தோடும்) கட்டப்பட்டிருந்தவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் காணி கிடையாது. குடியிருந்தது கமக்காரரின், அதாவது காணி வைத்திருந்த வெள்ளாளரின், வளவில். இன்னொருவன் காணியில் குடியிருக்கிறவன் கிணறு வெட்ட முடியாது. காணி இருந்தாலும் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு இறக்குவது ஏழை வீட்டுச் செலவு அல்ல. ஆகவே குடிக்கிற தண்ணீருக்குக் கூட எசமான் வீட்டுக் கிணற்றடிக்கு வர வேண்டும். வந்தாலும் கயிற்றையோ பட்டையையோ தொட முடியாது. "நாச்சியார், ஒரு குடம் அள்ளி ஊத்திவிடுங்கோ" என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டில் யாருக்காவது நேரம் கிடைக்கும்வரை நிற்க வேண்டும். அறுபது வயது மனிதரை எட்டு வயதுப் பெடியன் பெயர் சொல்லி "டேய்" என்று கூப்பிடுவான். அவர் அவனை "நயினார்" என்பார். பெரிய நிலக்கிழார் இல்லாமலே இறுக்கம் எப்படி வந்தது என்று கேட்டீர்களே, ஐந்து பரப்புக் காணியும் ஒரு கிணறும் உள்ளவன்கூட இன்னொரு குடும்பத்தைத் தாகத்தில் நிறுத்தி வைக்க முடிந்தது என்பதே பதில். ஜமீன்தார் எப்போதாவது கண்ணில் படுகிறவர், கிணற்றுக்காரன் காலையும் மாலையும் கண்ணுக்கு முன் நிற்கிறவன்.

மேல்சாதிக்குள்ளேயும் கிணறு சும்மா இருக்கவில்லை. ஒரு தலைமுறை சீதனமாகப் பெண்களுக்கும் முதுசமாக ஆண்களுக்கும் பிரித்துக் கொடுத்தால், அடுத்த தலைமுறையில் இரண்டு பரப்பு, மூன்று பரப்பு. காணியை வெட்டிப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாதே. அதனால் பங்குக் கிணறு. எங்கள் ஊர் உறுதிகளில் (காணிப் பத்திரங்களில்) எல்லையும் பயனும் எழுதிய கையோடு கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருப்பார்கள். பங்குக்கேற்ப இறைப்பு முறை வரும். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. முறை தவறினால் மண்வெட்டிச் சண்டை. காணி விற்கும்போது பங்காளிக்கும் உரித்துக்காரருக்கும் முதலில் கேட்க வேண்டும் என்ற முன்வாங்கும் உரிமை தேசவழமையிலேயே இருந்தது. 1947இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. வெளியார், அதாவது வேறு சாதியார், ஊருக்குள் காணி வாங்காமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது. அப்படியான நோக்கத்தில்தான் இந்த விதி வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு உதவியது என்கிறேன்.

சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருந்ததால் யாழ்ப்பாணப் பெண்ணுக்கு உரிமை அதிகம் என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயரில் இருந்தது உண்மை. அதை விற்பதற்குப் புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதும் உண்மை. 1911ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விதியை வைத்துக்கொண்டது.

தோட்டம் இப்படிச் சுருங்கச் சுருங்க, பிள்ளைகளைக் காணியிலிருந்து கிளப்ப வேண்டியதாயிற்று. கல்வி இங்கே இவ்வளவு வெறியோடு பிடிக்கப்பட்டதற்கு அறிவு வேட்கை மட்டும் காரணமில்லை. 1816இல் அமெரிக்க மிசன் வந்தது, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை. சைவர்கள் பதிலுக்குத் தங்கள் பள்ளிகளைக் கட்டினார்கள். நாவலரின் உழைப்பு அதில் முதன்மை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், இந்தக் கூட்டத்திலிருந்து போனவர்கள். ஆங்கிலம் படித்தவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகவும் றெயில்வே ஆட்களாகவும் போனார்கள். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும்" என்ற பேச்சு அப்போது பிறந்ததுதான். மலாயாவிலிருந்து வந்த காசில் ஊரில் கல் வீடு எழுந்தது, கிணறு ஆழமானது, சீதனம் ஏறியது.

ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடங்களில் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வெளியே நின்று கேட்டார்கள். வாங்கில் (பெஞ்சில்) சமமாக இருத்த வேண்டும் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது சில இடங்களில் பள்ளிக்கூடங்களே கொளுத்தப்பட்டன. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அதை எதிர்த்து வாதாடியவர்களில் தமிழர் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர் என்பதை எங்கள் பாடப் புத்தகம் மெதுவாகத் தாண்டிப் போகும். மேற்சட்டை போடுவது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கிக் கட்டுவது, காதில் தோடு, கலியாண வீட்டில் மேளம், ஒவ்வொன்றும் போராடித்தான் கிடைத்தது.

தேத்தண்ணிக் கடையில் ஒடுக்கப்பட்டோருக்குப் பேணியிலோ (தகரக் குவளையிலோ) போத்தலிலோ தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தாங்களே கழுவி வைக்க வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதற்குப் பிறகுதான் சங்கானை, கொடிகாமம் என்று கடை கடையாக நுழைவுப் போராட்டம் நடந்தது, உயிர்களும் போயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைய வந்தவர்களைத் தடுத்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராக இருந்தவர், முன்னாள் அமைச்சர். படிப்பு சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த வாசலை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

போராட்டம் ஒரு பக்கம் நடக்க, தோட்டத்தில் வேறொரு மாற்றம் வந்தது. தண்ணீர் இறைக்க மிசின் வந்தது. துலா மிதிக்க ஆள் தேவையில்லை என்றானதும் கமக்காரனுக்குக் குடிமை ஆளின் தேவை குறைந்தது. ஆளுக்கும் கமக்காரனைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. 1970க்கும் 77க்கும் இடையில் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் ஒருபோதும் காணாத காசைக் கண்டார்கள். லொறி லொறியாகக் கொழும்புக்குப் போனது. குத்தகைக்குக் காணி எடுத்துச் செய்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அதே காலத்தில் கள்ளுச் சீவுகிறவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. மரத்துக்குச் சொந்தக்காரனிடமும் தவறணை (கள்ளுக்கடை) குத்தகைக்காரனிடமும் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் முதல் தடவையாகச் சங்கத்தில் அளந்து கொடுத்துக் கணக்கு வாங்கினார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டில் கிராமத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய விடுதலை அதுதான், ஆனால் அதைப் பற்றி யாரும் கவிதை எழுதியதாகத் தெரியவில்லை. 1977இல் இறக்குமதி திறந்ததும் வெங்காயக் காசு போய்விட்டது. மிசினும் யூரியாவும் போகவில்லை. அளவுக்கு மேல் இறைத்ததால் கரையோரக் கிணறுகள் உவர்த்தன; உரமும் மலக்குழிக் கழிவும் கல் வெடிப்பு வழியாக இறங்கி வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது.

கரையோர ஊர்களையும் தீவுகளையும் தனியாகத்தான் எழுத வேண்டும். கரையார், திமிலர், முக்குவர் ஊர்களில் கடல்தான் சொத்து, வெள்ளாளரின் கிணற்றதிகாரம் அங்கே அவ்வளவு செல்லவில்லை. வல்வெட்டித்துறைக்காரர் பாய்க்கப்பலில் இந்தியாவோடும் பர்மாவோடும் வியாபாரம் செய்தவர்கள். புங்குடுதீவு, வேலணைக்காரர் நல்ல தண்ணீர் குறைந்த மண்ணிலிருந்து கிளம்பித் தெற்கெல்லாம் கடை போட்டார்கள்.

போரைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைச் சொல்ல ஆட்கள் பலர் இருக்கிறார்கள். 1990இலிருந்து எரிபொருளுக்கும் உரத்துக்கும் தடை. மண்ணெண்ணெயில் மிசினும் மோட்டார் சைக்கிளும் ஓடின, கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். அந்த ஆண்டு ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். யாழ் நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். அது எங்கள் பெயரில் நடந்த அநியாயம். அதைச் சொல்லாமல் எங்கள் இடப்பெயர்வைப் பற்றி மட்டும் பேசுவதில் நேர்மை இல்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, குடாநாட்டின் மற்றப் பகுதிகளான தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது.

அங்கே நடந்ததில் உங்கள் ஆய்வுக்கு வேண்டியது இது. ஒரு வீட்டு வளவில் பத்துக் குடும்பம் வந்து நின்றது. கோப்பை, பாய், குசினி எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டவர்கள் கிணற்றடியில் வந்ததும் "நீங்கள் எந்த இடம்? அதில எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்கள். ஊர்ப் பெயர் கேட்டால் பகுதி தெரியும், குறிச்சி (ஊரின் உட்பிரிவு) கேட்டால் சாதி தெரியும். பதில் பிடிக்காத இடத்தில் கயிறு கழற்றி வைக்கப்பட்டது. அதே ஆட்கள் அதே நாளில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றியதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

வலிகாமம் வடக்கு 1990இலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. போர் முடிந்த பிறகு துண்டு துண்டாக விடுகிறார்கள், இன்னும் முழுவதும் விடவில்லை. அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்களில் காணியும் வெளிநாட்டில் உறவும் இருந்தவர்கள் முகாம்களை விட்டு முதலிலேயே வெளிக்கிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலும் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். 1981இல் மாவட்டத்தில் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம்.

இப்போதைய நிலை கலவையானது. கடையிலும் பள்ளியிலும் பஸ்ஸிலும் சாதி கேட்பவர் இல்லை. கலியாணத்தில் கேட்காதவர் இல்லை. கனடாவிலிருந்து வரும் வரன் விளம்பரத்திலும் அது மறைவாகக் கிடக்கும். 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை மண் வெட்டும் இயந்திரத்தால் இழுத்தார்கள், வடம் பிடிக்க எல்லாச் சாதியும் வந்துவிடும் என்பதற்காக என்று செய்தி வந்தது. வெளிநாட்டுக் காசில் கோபுரம் உயர்கிறது, பக்கத்துத் தோட்டக்காணி பற்றையாகக் கிடக்கிறது. நுண்கடன் கட்ட முடியாத பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் போரில் புருசனை இழந்தவர்கள்.

தண்ணீர்க் கதையும் முடிந்தபாடில்லை. சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, ஆயிரக்கணக்கானோர் சொந்தக் கிணற்றைக் கைவிட்டு பவுசர் (லொறித் தாங்கி) தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றார்கள். எந்தச் சாதி என்று பார்க்காமல் எல்லோரையும் காத்திருக்க வைத்த முதல் கிணற்றுப் பிரச்சினை அதுதான். 2019இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். எங்கள் ஆட்கள் அதை அநியாயம் என்றார்கள். எனக்குக் கிளிநொச்சிக்காரர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. எங்கள் கிணறுகளையும் குளங்களையும் பாழாக்கிவிட்டு அடுத்தவன் வயல் தண்ணீரைக் கேட்பது சரியில்லை. கடைசியில் தாளையடியில் கடல் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அது குடிக்கத்தான், தோட்டத்துக்கு இல்லை.

ஆய்வுக்கு வருவதாக இருந்தால் தை, மாசியில் வாருங்கள், புகையிலையும் வெங்காயமும் தோட்டத்தில் நிற்கும். ஒரே ஒரு குறிச்சியை எடுத்து, அங்குள்ள பழைய உறுதிகளைப் படியெடுத்து, ஒவ்வொன்றிலும் கிணற்றுப் பங்கு எப்படி எழுதியிருக்கிறது, எந்தக் குடும்பத்தின் பெயர் எதிலுமே வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களிடம் சாதியைப் பற்றி நேரே கேட்டால் "இப்ப அதெல்லாம் இல்லை, தம்பி" என்பார்கள். சின்ன வயதில் எந்தக் கிணற்றில் அள்ளினீர்கள், யார் அள்ளி ஊற்றினார்கள் என்று கேளுங்கள். ஆச்சிமார் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைப்பார்கள்.